வளையும் கால்கள்: குற்றம் யாருடையது?

(டில்லியில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், தாய்மார்களும் தொழிலாளத் தோழர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



துண்டறிக்கையில் 'குழந்தைகளின் எலும்பு' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சில தோழர்கள் எங்களைக் கேட்டார்கள்: "சங்கம் எப்போது ஆஸ்பத்திரி ஆயிற்று? ரேஷன் கார்டு இருக்கிறது, குடிநீர் இருக்கிறது, வீடு இடிப்பு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு எலும்பைப் பற்றி என்ன பேச்சு?" நியாயமான கேள்விதான். இந்தக் கூட்டம் முடிவதற்குள் அந்தத் தோழர்களே பதில் சொல்லிக்கொள்வார்கள் என்று நம்புகிறோம். ரேஷனும் தண்ணீரும் வீடும் ஒரு குழந்தையின் எலும்பிலே எப்படி எழுதப்படுகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அது எங்களுடைய குற்றம்.

நம் குடியிருப்புகளில் ஒன்றிலே ஒரு குடும்பம். தாய் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிறவர். தகப்பன் கட்டட வேலை. பெண் குழந்தை ஒன்று, வயது ஒன்றே முக்கால். குழாய் வேண்டும் என்ற மனுவுக்குக் கையெழுத்து வாங்க அந்த வீட்டுக்குப் போனோம். சந்தா வாங்கப் போனோம். கூட்டத்துக்குக் கூப்பிடப் போனோம். ஒவ்வொரு தடவையும் அந்தக் குழந்தை வாசலில் சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே இருந்தது. "இன்னும் நிற்கவில்லையா?" என்று கேட்டோம். "சோம்பேறிக் கழுதை அண்ணா, எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்" என்று தாய் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஒரு ஜனவரி மாத இரவில் அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. காய்ச்சல் இல்லை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. யாரோ கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தார்கள். யாரோ வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார்கள். ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அங்கே பணியிலிருந்த மருத்துவர் குழந்தையின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். சட்டையைத் தூக்கி விலாவைத் தடவிப் பார்த்தார். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது, இது ரிக்கெட்ஸ், வைட்டமின் 'டி' பற்றாக்குறை என்றார். அவர் பார்ப்பதற்கு எடுத்துக்கொண்டது அரை நிமிடம். அந்த அடையாளங்கள் அத்தனையும் பல மாதங்களாக எங்கள் கண்முன்னேதான் இருந்தன. எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தக் குழந்தை இன்று நடக்கிறது, ஓடுகிறது. கால் வளைவும் நிமிர்ந்துகொண்டு வருகிறது. ஆனால் அடுத்த குழந்தையையும் நாம் சாக்கின் மேல் விட்டுவிடக்கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு. நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களிடம் ஒப்படைக்கிறோம். நோயைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. சந்தேகப்படுவது நம் வேலை.

எலும்பு எப்படி இறுகுகிறது?

வைட்டமின் 'டி' மற்ற வைட்டமின்களைப் போன்றதல்ல. மற்றவை பெரும்பாலும் சோற்றிலும் காயிலும் கனியிலும் வருகின்றன. இதுவோ வெயிலில் வருகிறது. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது தோலில் பட்டால், தோலிலுள்ள கொழுப்பு போன்ற ஒரு பொருள் வைட்டமின் 'டி'யாக மாறுகிறது. பிறகு அது ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய் வேலைக்குத் தயாராகிறது. நாம் உண்ணும் உணவிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பரசையும் குடல் உறிஞ்சிக்கொள்ள உதவுவதுதான் அதன் முக்கிய வேலை.

வளரும் குழந்தையின் எலும்பு நுனிகளில் முதலில் குருத்தெலும்பு உண்டாகிறது. அதில் சுண்ணாம்பு படிந்து இறுகினால்தான் எலும்பு. கம்பி கட்டிச் சட்டம் அடித்தாயிற்று, சிமெண்டு வரவில்லை என்றால் கட்டடம் என்ன ஆகும்? கட்டட வேலை செய்யும் தோழர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பாரம் ஏற ஏற வளையும். அதுதான் ரிக்கெட்ஸ். வைட்டமின் 'டி' இல்லாமலும் வரும். உணவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைந்தாலும் வரும். நம் நாட்டு ஏழைக் குழந்தைகளில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே குறைகின்றன.

எதைப் பார்க்க வேண்டும்?

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

கைக்குழந்தையில் தொடங்குவோம். உச்சிக்குழி சாதாரணமாக ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். அதற்குப் பிறகும் அகலமாகத் திறந்திருந்தால் காட்ட வேண்டும். சில குழந்தைகளுக்கு மண்டையின் பின்புறமும் பக்கமும் அழுத்தினால் பந்தைப் போல உள்ளே போய்த் திரும்பி வரும். அதை நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம், மருத்துவர் பார்ப்பார். நெற்றி இருபுறமும் புடைத்து, தலை சதுரமாகத் தெரியும். பல் முளைப்பது தாமதமாகும். பதின்மூன்று மாதமாகியும் ஒரு பல்கூட இல்லை என்றால் கேட்க வேண்டும். தசையில் தெம்பு இல்லாமல் குழந்தை துவண்டு கிடக்கும். வயிறு முன்தள்ளி நிற்கும். தலை நிற்பது, உட்காருவது, நிற்பது, நடப்பது எல்லாம் பிந்தும். ஒன்றரை வயதாகியும் நடக்காத குழந்தையைச் 'சோம்பேறி' என்று சொல்லாதீர்கள். குழந்தைகளில் சோம்பேறி கிடையாது. காரணம் ரிக்கெட்ஸாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எதுவானாலும் மருத்துவர் பார்க்க வேண்டியது.

அடுத்து மணிக்கட்டு. வளையல் போடும் இடத்தில் எலும்பு அகன்று, இரட்டை மணிக்கட்டு போலத் தடித்துத் தெரியும். கணுக்காலிலும் அப்படியே. விலா எலும்புகள் நெஞ்சுக் குருத்தோடு சேரும் இடத்தில் வரிசையாக முண்டு முண்டாக, மணிமாலை கோத்ததுபோல இருக்கும். நெஞ்சின் கீழ்ப்பகுதியில் குறுக்கே ஒரு பள்ளம் விழும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மார்ச்சளி, நிமோனியா அடிக்கடி வரும்.

நடக்கத் தொடங்கிய குழந்தைக்குக் கால்கள் வில்லாக வளையும். அல்லது முழங்கால்கள் ஒட்டி, பாதங்கள் விலகி நிற்கும். வாத்து நடப்பது போல அசைந்து நடக்கும். மாடிப்படி ஏறத் திணறும். வளர்ந்த பிள்ளைகள் காலும் இடுப்பும் முதுகும் வலிப்பதாகச் சொல்லுவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்கச் செய்யும் சாக்கு என்று அடிக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது வலிப்பு. காய்ச்சலில்லாமல் வரும் வலிப்பு, கைவிரல்கள் கூம்பி இழுத்துக்கொள்ளுதல், மூச்சு இழுக்கும்போது தொண்டையில் 'கர்' என்ற சத்தம், பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கி வியர்த்துப்போதல் – இவை ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். சில குழந்தைகளுக்கு இதயமே பலவீனப்பட்டுவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓட வேண்டும். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர், கரண்டி, விரல் எதுவும் வைக்காதீர்கள். இரும்பும் வெங்காயமும் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று: எல்லா வளைவும் நோயல்ல. இரண்டு வயதுவரை கால் சற்று வில்லாக இருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால் ஒட்டுவதும், ஏழு வயதுக்குள் நேராவதும் இயல்பு. வளைவு அதிகமாக இருந்தாலும், ஒரு காலில் மட்டும் இருந்தாலும், நாளுக்கு நாள் கூடினாலும், மேலே சொன்ன மற்ற அடையாளங்கள் சேர்ந்திருந்தாலும்தான் கவலை. தலை வியர்க்கிறது என்பதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு: பற்றாக்குறை இருக்கும் பெரும்பாலான குழந்தைகளிடம் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. கால் வளைந்த ஒரு குழந்தை நம் தெருவில் இருந்தால், வளையாத காலோடு பற்றாக்குறையுள்ள பத்துப் பேர் அதே தெருவில் இருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டும்.

டில்லி நிழலும் நம்மூர் நிழலும்

"வெயிலுக்கு என்ன பஞ்சம்? டில்லி வெயிலில் மண்டை வெடிக்கிறதே!" என்று கேட்பீர்கள். வெயில் எல்லாம் ஒன்றல்ல தோழர்களே. சூரியன் வானத்தில் உயரத்தில் இருக்கும்போதுதான் அந்தப் புற ஊதாக் கதிர் போதுமான அளவு தரைக்கு வந்து சேரும். இதை அளக்கக் கருவி வேண்டாம். நம்முடைய நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது வேலை செய்யும் வெயில். நிழல் நீண்டிருந்தால் அது வெறும் வெளிச்சம், வெறும் கதகதப்பு. ஆகையால் "காலை இளவெயிலில் காட்டினால் போதும்" என்று நம் பாட்டிமார் சொல்வதில் அன்பு இருக்கிறது, வைட்டமின் 'டி' அதிகம் இல்லை.

சேலத்திலும் விழுப்புரத்திலும் மார்கழியிலும்கூட நண்பகலில் நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகவே விழும். டில்லி வடக்கே தள்ளியிருக்கிறது. இங்கே நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம்வரை நண்பகல் பன்னிரண்டு மணிக்குக்கூட நிழல் நம்மைவிட நீளம்தான். வரும் குளிர்காலத்தில் நீங்களே ஒரு கோலை நட்டு அளந்து பாருங்கள். அந்த மாதங்களில்தான் குழந்தையைக் கம்பளியில் சுற்றி வைக்கிறோம். அந்த மாதங்களில்தான் புகை மூட்டம் தலைக்கு மேலே கூரை போடுகிறது. ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த கறுத்த தோலுக்கு, வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். எல்லாம் சேர்ந்து நம் குழந்தைக்கு எதிராக நிற்கின்றன.

புகையைப் பற்றிச் சொன்னது வெறும் ஊகமல்ல. 2002-ல் வெளியான ஓர் ஆய்வு. மருத்துவர்கள் புகை மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளையும், அன்று காற்றுச் சுத்தமாக இருந்த குர்காவ் பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். குர்காவ் குழந்தைகளின் ரத்தத்தில் வைட்டமின் 'டி' அளவு சராசரி 27.1 என்றால், மோரி கேட் குழந்தைகளுக்கு 12.4. பாதிக்கும் குறைவு! ஒரே சூரியன்தான், இடையிலே புகை.

2005-ல் வெளியான இன்னோர் ஆய்வில் டில்லிப் பள்ளிப் பிள்ளைகள் 5,137 பேரைப் பரிசோதித்தார்கள். ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்பட்டவர்கள். அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், 10.8 சதவிகிதம் பேருக்கு, கால் எலும்பில் கண்ணுக்குத் தெரியும் அடையாளமே இருந்தது. ரத்தப் பரிசோதனையில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளில் 27 சதவிகிதம் பேருக்குக் கடுமையான பற்றாக்குறை. ஏழை வீட்டுப் பிள்ளைகளில் 42.3 சதவிகிதம் பேருக்கு. பணக்காரனையும் இது விட்டுவைக்கவில்லை, உண்மைதான். ஆனால் பணக்கார வீட்டுக் குழந்தைக்குச் சொட்டு மருந்து கிடைக்கும், பால் கிடைக்கும், பார்க்க மருத்துவர் கிடைப்பார். நாடு முழுவதும் 2016 முதல் 2018 வரை அரசே நடத்திய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 14 சதவிகிதம், ஐந்து முதல் ஒன்பது வயதுவரை 18 சதவிகிதம், பத்து முதல் பத்தொன்பது வயதுவரை 24 சதவிகிதம் பேருக்குப் பற்றாக்குறை.

தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்

"தாய் சரியாக வளர்க்கவில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. அந்தத் தாயின் ஒரு நாளைக் கொஞ்சம் பாருங்கள். காலை ஆறரைக்குப் புறப்படுகிறார். நிழல் குட்டையாகும் நேரமெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் இருக்கிறார். அந்த வீட்டு மொட்டை மாடியில், நல்ல உச்சி வெயிலில், அந்த வீட்டுக் குழந்தையின் துணியை உலர்த்துகிறார். தன் குழந்தையோ பத்துக்குப் பத்து அறையில், ஏழு வயது அக்காளின் பொறுப்பில், கதவுக்கு வெளியே தாழ்போட்டு விடப்பட்டிருக்கிறது. வெளியே விட்டால் சாக்கடை, வண்டி, நாய். எந்தத் தாய் விடுவாள்? சந்தின் அகலம் நான்கு அடி. இருபுறமும் இரண்டு மாடி. வெயில் சுவரின் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது.

தாய்க்கே பற்றாக்குறை. கருவிலிருக்கும் குழந்தை தாயின் இருப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தாயிடம் இல்லாதது குழந்தைக்கு எங்கிருந்து வரும்? தாய்ப்பால் குழந்தைக்கு ஈடு இணையில்லாத உணவு; அதை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. ஆனால் வைட்டமின் 'டி' மட்டும் தாய்ப்பாலில் இயற்கையாகவே மிகக் குறைவு. அதனால்தான் பிறந்தது முதல் ஒரு வயதுவரை நாளொன்றுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே சொல்லுகிறது. நம் தெருவில் எத்தனை குழந்தைகளுக்கு அது கிடைத்திருக்கிறது? கைதூக்கச் சொன்னால் எத்தனை கைகள் எழும்?

நம் இருப்பிடத்தின் கதையும் இதிலே சேர்ந்ததுதான். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் கரையிலிருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். தலைமுறைகளாக இருந்த நம் மக்கள். இடித்த வேளையில் அவர்களில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதுவும் நகரத்தின் மறு கோடியிலுள்ள நரேலாவில். வேலை செய்யும் வீடு தெற்கே, குடியிருக்கும் வீடு வடக்கே என்றால், தாய் விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்ப வேண்டும். அந்தத் தாயிடம் "குழந்தையை நண்பகலில் அரை மணி வெயிலில் காட்டு" என்று புத்தி சொல்லுவதற்கு நமக்கு நா எழுமா?

இது பழைய கதை

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1650-ல், கிளிசன் என்ற ஆங்கில மருத்துவர் இந்த நோயைப் பற்றித் தனி நூல் எழுதினார். பின்னர் ஐரோப்பாவில் இதை 'ஆங்கிலேயர் நோய்' என்றே அழைத்தார்கள். தொழிற்சாலைகள் எழுந்தன, நிலக்கரிப் புகை வானத்தை மூடியது, சூரியன் எட்டாத சந்துகளில் தொழிலாளிகள் அடைக்கப்பட்டார்கள், அவர்கள் குழந்தைகளின் கால்கள் வளைந்தன. 1890-ல் பாம் என்ற மருத்துவர் பல நாடுகளின் நிலையை ஒப்பிட்டு, வெயிலில்லாமைதான் காரணம் என்று எழுதினார். 1919-ல் பெர்லினில் ஹுல்டுஷின்ஸ்கி என்ற மருத்துவர் புற ஊதா விளக்கொளியைப் பாய்ச்சியே குழந்தைகளைக் குணப்படுத்தினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு இந்த நோய் உண்டாகும்படி உணவைக் கொடுத்து, மீன் எண்ணெயால் அதைத் தடுக்கலாம் என்று காட்டினார். 1922-ல் மெக்காலம் அந்தச் சத்தைப் பிரித்தறிந்தார். அதற்கு 'டி' என்று பெயர் வந்தது. ஆக, காரணமும் மருந்தும் தெரிந்து நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் சந்தில் ஒரு குழந்தைக்கு இதனால் வலிப்பு வருகிறதென்றால், குறை அறிவியலில் இல்லை.

இன்னொன்று கேளுங்கள். 1960-களில் பிரிட்டனில் இந்த நோய் மீண்டும் தலைகாட்டியது. யாருக்கு? பிழைக்கப் போன இந்தியர், பாகிஸ்தானியர் வீட்டுக் குழந்தைகளுக்கு. நம்மைப் போல இடம் பெயர்ந்தவர்கள். அந்நாட்டு மக்களுக்காக மார்ஜரினில் வைட்டமின் 'டி' ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. இவர்கள் சாப்பிடுவதோ சப்பாத்தி. சப்பாத்தி மாவிலும் சேர்க்கலாமே என்ற யோசனை எழுந்தது. 1980-ல் அது நிராகரிக்கப்பட்டது. உணவையும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னார்கள். ஆனால் கிளாஸ்கோ நகரில் 1979 முதல் இவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இலவசமாகச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ரிக்கெட்ஸுக்காக ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை சரிந்தது. புத்திமதி சாதிக்காததை இலவசச் சொட்டு மருந்து சாதித்தது. இந்தப் பாடத்தை நாம் மறக்கக்கூடாது.

நாம் செய்யக்கூடியது

பிறந்த குழந்தைக்கு ஒரு வயதுவரை தினமும் 400 யூனிட் சொட்டு. அளவை டிஸ்பென்சரியில் கேட்டு, மருந்தோடு வரும் குழாயால் அளந்து ஊற்ற வேண்டும். கடைக்குக் கடை மருந்தின் திண்மை வேறுபடும், ஆகையால் பக்கத்து வீட்டு அளவு உங்களுக்குப் பொருந்தாது.

கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் பிரசவமாகி ஆறு மாதம்வரை சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினம் இரண்டு கொடுக்க வேண்டும் என்பது 2014 முதல் அரசின் விதி. அதில் வைட்டமின் 'டி'யும் சேர்ந்திருக்கிறது. பல சகோதரிகள் அதை வாங்கிப் பானைக்கடியில் போட்டு வைக்கிறீர்கள். எடுத்துச் சாப்பிடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வெயில்: குளிர்காலத்தில் பதினொன்றிலிருந்து இரண்டுவரை, கோடையில் பத்து மணிக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம், சூடு தாக்காமல். முகம், கை, கால் திறந்திருக்க வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வரும் வெயிலால் பயனில்லை. கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும். மே, ஜூன் உச்சி வெயிலில் கைக்குழந்தையைக் காட்டாதீர்கள். அது வேறு ஆபத்து.

உணவு: முட்டை மஞ்சள் கருவிலும் கொழுப்புள்ள மீனிலும் வைட்டமின் 'டி' கொஞ்சம் உண்டு. சுண்ணாம்புச் சத்துக்குப் பால், தயிர், முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் சிறுமீன். நம் கேழ்வரகில் நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: கேழ்வரகில் வைட்டமின் 'டி' கிடையாது. கூழும் வேண்டும், வெயிலோ சொட்டு மருந்தோ அதுவும் வேண்டும்.

நோய் கண்டால் பயம் வேண்டாம். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தும், சாதாரண ரத்தப் பரிசோதனை செய்தும் மருத்துவர் உறுதி செய்வார். குறைந்தது மூன்று மாதம் மருந்து தினமும் கொடுக்க வேண்டும். சிறு வயதில் பிடித்துவிட்டால் வளைவு பெரும்பாலும் தானே நிமிரும். மருந்து கொடுத்தும் நிமிரவில்லை என்றால் சிறுநீரகக் கோளாறோ பரம்பரைக் காரணமோ இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மந்திரிப்பதும் காலில் கட்டை வைத்துக் கட்டுவதும் சத்தைக் கொடுக்காது.

அதே சமயம் மருந்து மிஞ்சினால் நஞ்சு. 60,000 யூனிட் பொட்டலத்தை வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தால், தினம் ஒன்று கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். போலி டாக்டர் போடும் ஊசியை மறுபடி மறுபடி போட்டுக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வாந்தி, மலச்சிக்கல், அளவில்லாத தாகம், கடைசியில் சிறுநீரகம் கெடுதல் – இதுதான் முடிவு. சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாவிட்டால் சங்கத்துக்கு வாருங்கள், நாங்கள் படித்துச் சொல்லுகிறோம்.

நாம் கேட்க வேண்டியது

2013-ல் மத்திய அரசு பதினெட்டு வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ரிக்கெட்ஸ் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையல்ல. அரசு தானே எழுதி வைத்த கடமை. அந்தப் பரிசோதனைக் குழு நம் ஒவ்வொரு குடியிருப்புக்கும் வர வேண்டும். அங்கன்வாடியிலும் டிஸ்பென்சரியிலும் ஒரு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து இலவசமாகக் கிடைக்க வேண்டும். கர்ப்பிணிகளின் மாத்திரை 'ஸ்டாக் இல்லை' என்ற பதில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் அங்கன்வாடிக் குழந்தைக்கு முட்டை கொடுக்கிறார்கள். இங்கேயும் முட்டை வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்குத் திறந்த முற்றமுள்ள காப்பகம் வேண்டும். மாற்று வீடு கட்டும்போது அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் வெயில் விழ இடம் விட வேண்டும். மொட்டை மாடிக் கதவின் பூட்டைத் திறந்துவிட வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கப் போகிறோமா? இல்லை. ரயில் பாதையில் கீமேன் என்று ஒரு தொழிலாளி உண்டு. வெயிலானாலும் மழையானாலும் தன் பகுதியைத் தினமும் நடந்து பார்ப்பார். தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவார். விரிசல் கண்டால் வண்டியை நிறுத்துவார். வண்டி கவிழ்ந்த பிறகு போய்ப் பார்க்கிறவர் அல்ல அவர். நம் சங்கத்துத் தொண்டர்கள் இனிமேல் அப்படி நடக்க வேண்டும். சந்தா வாங்கப் போகும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு இருக்கும். வீட்டில் எத்தனை குழந்தைகள், வயது என்ன, உட்கார்ந்ததா, நின்றதா, நடந்ததா, பல் வந்ததா, மணிக்கட்டு எப்படி, சொட்டு மருந்து கிடைத்ததா என்று எழுதி வர வேண்டும். சந்தேகப்படும் குழந்தையை மகளிர் பிரிவுச் சகோதரி ஒருவர் தாயோடு கூடப் போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு நாள் கூலி போகுமே என்று தாய் தயங்கினால் அந்தக் கூலியைச் சங்கம் கொடுக்கும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. அந்த நோட்டுதான் நாளை அதிகாரியின் மேஜை மேல் நாம் வைக்கப்போகும் மனு. புள்ளிவிவரம் இல்லை என்று அவர் சொல்ல முடியாது.

தோழர்களே, எங்கள் கண்முன் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தை யார் மீதும் புகார் சொல்லவில்லை. அதற்குப் பேச்சு வரவில்லை. அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் குழந்தையின் மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தையின் மணிக்கட்டையும் பாருங்கள். அடுத்த மாதம் நோட்டோடு சந்திப்போம்.